நாம் போகாத தெற்குப் பாதை

வீரமுனை வயல்களில் சிறுபோகப் பயிர் பச்சை பிடித்து, கச்சான் காற்று வெப்பத்தை அள்ளி வீசும் காலத்தில், எம் வகுப்பு மாணவர்க்கு ஒரு கட்டுரை எழுதக் கொடுத்தோம். ‘நான் காண விரும்பும் ஓரிடம்’ என்பது தலைப்பு. பாரிஸ், லண்டன், சுவிற்சர்லாந்து என்று எழுதியோரே பலர். ஈஃபில் கோபுரத்தின் உயரம் 330 மீற்றர் என்பதைக்கூட ஒரு மாணவன் பிழையின்றிக் குறித்திருந்தான். மலைநாட்டுக்கு ஆசைப்பட்டோர் சிலர். “குமண எங்கே இருக்கிறது?” என்று கேட்டோம். வகுப்பு மௌனமாயிற்று. நம் அம்பாறை மாவட்டத்திலேதான் இருக்கிறது என்றதும் சிரித்துவிட்டார்கள்.

பிழை மாணவருடையதன்று. ஐரோப்பா என்றால் கோபுரமும் பனிமலையும் என்று நாம்தாமே கற்பித்தோம்! அங்கு வாழும் குடும்பங்களோ விடுமுறை வந்தால் பெயர் பெற்ற நகரங்களை மட்டும் தேடி ஓடுவதில்லை. ஆஸ்திரியாவில், ஹங்கேரி எல்லையருகே, நாணல் சூழ்ந்த ஆழமில்லா ஏரியொன்றின் கரையில் ருஸ்ட் என்னும் சிற்றூர் உண்டு. இளவேனிலில் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் நாரைகள் அவ்வூர் வீடுகளின் புகைபோக்கிகள்மேல் கூடு கட்டுகின்றன. அதைக் காண்பதற்கென்றே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவோர் பலர். பருவம் அறிந்து போகிறார்கள், அவ்வளவுதான். அத்தகைய பருவம் நமக்கும் உண்டு. சித்திரை முதல் ஆடி வரை குமண வில்லில் பறவைகள் கூடு கட்டுங் காலம்.

நாம் போகாதிருந்ததற்குக் காரணமும் உண்டு. குமண சரணாலயம் 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. 1990இல் வீரமுனையே வெறுமையாகி, நாமெல்லாம் அகதிகளாக ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அப்போது எமக்கு வயது எட்டு. தெற்கு வீதி என்றால் அச்சம் என்று பழகிய மனம், வீதி திறந்த பின்னரும் திறக்கவில்லை. எம் அன்னையாரின் நிலை வேறு. பதினேழு வயதில் உறவினரோடு கதிர்காமத்துக்குக் காட்டுவழியே நடந்து போனவர் அவர். வீட்டில் அப்பாதையைக் கண்ணாரக் கண்டவர் அவர் ஒருவரே, எழுபதைத் தாண்டிவிட்டார். இனியும் தாமதிக்கலாகாது என்று சென்ற ஆனி மாதத்தில் இரண்டு குடும்பமாய்ச் சேர்ந்து ஒரு வானைப் பேசிக்கொண்டு புறப்பட்டோம்.

அதிகாலை நான்கு மணிக்குப் பயணம். சம்மாந்துறையையும் காரைதீவையும் இருளிலே கடந்தோம். நிந்தவூரில் சுபஹுத் தொழுகை முடிந்து வந்தோருடன் ஒரு தேநீர்க் கடையில் நாமும் நின்றோம். உகந்தைக்கு என்றதும், “குடிதண்ணீர் நிறையக் கொண்டு போங்கள்” என்றார் கடைக்காரர். நல்ல அறிவுரை. அக்கரைப்பற்று தாண்டிப் பொத்துவிலை அடைந்தபோது நன்றாக விடிந்திருந்தது. அறுகம்பையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலகைகளைத் தூக்கிக்கொண்டு அலையை நோக்கி ஓடினார்கள். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை அலை எப்படி எழும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். எம் பிள்ளைகள் இருவரும் வியப்போடு பார்த்தார்கள்.

பாணமைக்கு அப்பால் காடு. உகந்தைமலை முருகன் ஆலயம் கடலோரப் பாறைகளின் நடுவே அமைந்தது. அலைகள் முரட்டுத்தனமானவை, பிள்ளைகளை அங்கே நீராட விடவேண்டாம். கும்பிட்டுவிட்டு, கொண்டு சென்ற இடியப்பத்தையும் சம்பலையும் மரநிழலில் உண்டோம். வனப் பூங்காவின் வாயில் அங்கேயே இருக்கிறது. வான் உள்ளே செல்லாது, ஜீப் வேண்டும். வாடகை சற்று அதிகந்தான். இரண்டு குடும்பம் சேர்ந்து போகச் சொல்வது அதனாலேயே.

எம் முதியோர் கூமுனை என்று வழங்கும் அவ்விடத்து வில்லு, ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரப்புள்ள சதுப்பு. கும்புக்கன் ஓயாவின் நீர் ஒரு சிறு வாய்க்கால் வழியே அதனுள் ஏறுகிறது. நீருக்குள் கிண்ணை மரங்கள். மரத்துக்கு மரம் கூடுகள்! மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா எனக் குஞ்சுகளின் இரைச்சலில் நாம் பேசியது எமக்கே கேட்கவில்லை. மூக்கைப் பொத்த வைக்கும் மீன் நாற்றமும் உண்டு என்பதை மறைப்பானேன்? நீருக்குள் மரம் இருந்தால் முதலைக்கஞ்சித் தரையுயிர்கள் கூட்டை அண்டா என்று வழிகாட்டி விளக்கினார். மூத்தவன் குறிப்புப் புத்தகத்தில் பதினொரு பறவைகளின் பெயரை எழுதினான். இளையவள் முதலையை மட்டும் தேடிக்கொண்டிருந்தாள்.

கும்புக்கன் ஓயாவின் கரையில், ஓங்கிய மருத மரங்களின் கீழ் ஜீப் நின்றது. அன்னையார் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு மணலைக் காட்டி, “இதிலதான் சோறாக்கினம். அந்த மரத்துக்குக் கீழதான் படுத்த” என்றார்.

“கதிர்காமம் போய்ச்சேர எத்தனை நாள் அப்பம்மா?”

“ஆறு நாள், மனெ. கால் கொப்புளிச்சிட்டு. புறகு நோவு தெரியல்ல.”

நாற்பது வயது கடந்த எமக்கு, இதை இதுவரை கேட்கத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் பாலைப்பழம் வாங்கினோம். பருவத்துக்கு உரிய பழம். பால் உதட்டில் ஒட்டிக்கொள்ள, பிள்ளைகள் வாயைத் திறக்க முடியாமல் சிரித்தார்கள். பொத்துவிலிலிருந்து மேற்கே திரும்பினால் லகுகலை வரும். குளத்துநீர் வற்றும் ஆடி, ஆவணி மாதங்களில் புல் மேய வரும் யானைக் கூட்டத்தை அங்கே காணலாம். இருட்டிய பின் அவ்வீதியில் வாகனம் ஓட்டுவது ஆபத்து. ஆகவே அதனை வேறொரு நாளுக்கு வைத்துவிட்டோம்.

வீடு சேர இரவு எட்டு மணி. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிச் சில நாட்களே காட்டுப்பாதை திறந்திருக்கும் என்று ஜீப் சாரதி சொன்னது இளையவளின் நினைவில் இருந்தது. எந்த நாளில் திறப்பார்கள் என்று கேட்டாள். கட்டிலில் சாய்ந்திருந்த அன்னையார், நாட்காட்டியை எடுத்துவரச் சொன்னார்.