குழுவில் யார் இருக்கிறார்கள்?

புற்றுநோய் மரபணுத் தரவுகளுக்காக அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2016 ஜூனில் ஒரு பொதுத் தரவகத்தைத் திறந்தது. தொடக்கத்தில் அங்கிருந்து கோப்புகளை இறக்கிக்கொண்டு, நிரல் எழுதத் தெரிந்தவரைத் தேட வேண்டியிருந்தது. இப்போது ஆய்வுக் கருவிகள் தளத்திலேயே வந்துவிட்டன. மறைமலைநகரை அடுத்த பொத்தேரியில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி விடுதியில் உட்கார்ந்தபடியே, காசில்லாமல் இவற்றைப் பயன்படுத்தலாம். நோயாளியின் முழு மரபணு வரிசையைப் பார்க்கத்தான் தனி அனுமதி வேண்டும்.

முதல் வேலை, குழுவைத் தேர்ந்தெடுப்பது. மார்பகப் புற்றுநோய், பெண்கள், ஐம்பது வயதுக்குக் கீழே என்று வடிகட்டினால், அதன்பிறகு எல்லாக் கருவிகளும் அவர்களை மட்டுமே கணக்கில் எடுக்கும். ஒரு கருவி கட்டம் போட்டுக் காட்டுகிறது: நெடுக்கே ஒவ்வொரு பத்தியும் ஒரு நோயாளி, குறுக்கே ஒவ்வொரு வரியும் ஒரு மரபணு. மாற்றம் நேர்ந்த இடத்தில் நிறம் ஏறியிருக்கும். டிபி53 என்ற மரபணுவின் வரியில் அந்த நிறம் அடிக்கடி தென்படும்.

அந்த மரபணு பழுதானவர்களையும் ஆகாதவர்களையும் பிரித்து, யார் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று பார்க்க இன்னொரு கருவி. இரண்டு கோடுகள் ஒரே உயரத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். இறங்கும் ஒவ்வொரு படியும் மரணம். இடையிடையே உள்ள சிறு குறிகள், அதற்குமேல் தகவல் கிடைக்காதவர்கள். அவர்கள் இறந்துவிட்டதாகப் பொருளல்ல. வலது ஓரத்தில் கோடு சரேலென்று விழுந்தால் பதற வேண்டாம். அங்கே மிஞ்சியிருப்பவர்கள் நாலைந்து பேராக இருப்பார்கள். அதில் ஒருவர் போனாலே கோடு சரிந்துவிடும். தன் பரிசோதனை அறிக்கையை வைத்துக்கொண்டு இங்கே ஆயுளைத் தேடுவது வீண்வேலை. இது குழுவின் கணக்கு.

அந்தக் குழுவில்தான் சிக்கலே. இனத்தில் ‘ஆசியர்’ என்று வடிகட்டிப் பாருங்கள், எண்ணிக்கை சட்டென்று சுருங்கிவிடும். தரவில் பெரும்பாலோர் வெள்ளையர். போதாக்குறைக்கு, ஜப்பானியரும் தமிழரும் அந்த ஒரே பெட்டிக்குள்.

இந்தக் குறையை நிரப்பத்தான் சென்னை ஐஐடி 2025 பிப்ரவரியில் பாரத் புற்றுநோய் மரபணு அட்லஸை வெளியிட்டது. கார்க்கினோஸ் ஹெல்த்கேர், சென்னை பிரெஸ்ட் கிளினிக் ஆகியவற்றோடு சேர்ந்து, நாடெங்கும் 480 மார்பகப் புற்றுநோயாளிகளிடமிருந்து 960 எக்ஸோம் வரிசைகளைத் திரட்டியிருக்கிறார்கள். எக்ஸோம் என்பது புரதம் தயாரிப்பதற்கான குறிப்பு இருக்கும் பகுதி. மொத்த மரபணுத் தொகுதியில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. 140 கோடிப் பேர் உள்ள நாட்டுக்கு 480 என்பது சொற்பம்தான். ஆனால் ‘ஆசியர்’ பெட்டிக்குள் நம்மைத் தேடுவதைவிட இது மேல். நம் அரசு மருத்துவமனைகளுக்கு நிறைய வரும் வாய்ப்புற்றுக்கும் கருப்பைவாய்ப் புற்றுக்கும் இதே வேலை நடந்தாக வேண்டும்.