தொழுவத்தில் பாம்பா? வளர்ப்புப் பாம்பு என்று நம்பித் தொட வேண்டாம்

வடசென்னையில் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் கறவை மாடு வைத்துப் பிழைப்போர் இன்றும் உள்ளனர். எண்ணூருக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நெல் வயல்கள் உள்ளன. மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தால், தொழுவத்திலும் வைக்கோல் போரிலும் பாம்பு ஒதுங்குவது இங்கே வழக்கம்.

அண்மைக் காலத்தில் வெளிநாட்டு மலைப்பாம்புகளை வீட்டில் வளர்க்கும் பழக்கமும் நகரங்களில் பரவி வருகிறது. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையம் வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. இத்தகைய பாம்பு கூண்டைவிட்டுத் தப்பினால், பக்கத்துத் தொழுவத்திலோ கோழிக்கூட்டிலோ போய் ஒதுங்கலாம்.

ஏமாற்றும் தோற்றம்

மலைப்பாம்புக்கு நஞ்சில்லை. ஆனால் மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கண்ணாடி விரியனைக் கையில் எடுத்தவர்கள் உண்டு. இரண்டும் தடித்த உடலும், பழுப்பு நிறத் திட்டுகளும் கொண்டவை. கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி கோத்தாற்போல் வட்டங்கள் வரிசையாக இருக்கும். சீண்டினால் பலமாகச் சீறும். அதன் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுத்து, சிறுநீரகத்தையும் பாதிக்கும். இருட்டில், வைக்கோலுக்கிடையே பாதி உடல் மட்டும் தெரியும்போது இந்த அடையாளம் உதவாது. ஆகவே, அடையாளம் உறுதியாகும் வரை எந்தப் பாம்பையும் நச்சுப் பாம்பாகவே கருத வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. குழந்தைகளையும் நாயையும் உடனே அப்புறப்படுத்த வேண்டும். கன்றுகளையும் ஆடுகளையும், பாம்பின் அருகே செல்லாமல் முடிந்தால் மட்டும் அவிழ்த்து விடலாம்.

2. பாம்பு அறைக்குள் இருந்தால் கதவைச் சாத்தி, கதவின் அடியில் ஈரச் சாக்கைத் திணிக்க வேண்டும். தொழுவமானால், ஒருவர் எட்ட நின்று, பாம்பு போகும் இடத்தைக் கவனித்து வர வேண்டும்.

3. வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தை 101 அல்லது 112 என்ற எண்ணில் அழைக்கலாம். அடிப்பதும், கம்பால் குத்துவதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கூடாது. இத்தகைய முயற்சிகளில் பாம்புக்கடி நேரலாம்.

வளர்ப்பவர் கவனத்திற்கு

கூண்டிலிருந்து தப்பிய பாம்பு இருட்டான, இடுக்கான, சற்று வெதுவெதுப்பான இடத்தையே தேடும். குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், அலமாரி அடி, துணிக் குவியல் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இரவில் தரையில் மெல்லிதாக மாவு தூவி வைத்தால், காலையில் பாம்பு சென்ற தடம் தெரியும். அக்கம்பக்கத்தாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது கடமையாகும்.

நம் நாட்டுப் பாம்புகளை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சர்வதேச ஒப்பந்தத்தில் அடங்கிய வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். வளர்க்க முடியவில்லை என்று ஏரியிலோ கழிமுகத்திலோ கொண்டுபோய் விடுவது பெருந்தவறு.

இதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலமே சான்று. அங்கே தப்பியும் கைவிடப்பட்டும் போன பர்மிய மலைப்பாம்புகள் சதுப்பு நிலத்தில் பெருகி, சிறு விலங்குகளைப் பெருமளவு அழித்துவிட்டன. அவற்றைப் பிடிக்க 2017-இல் புளோரிடா பல்கலைக்கழகம் தமிழகத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகியோரை வரவழைத்தது. இரண்டே வாரத்திற்குள் அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளம். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பரம்பரைத் தேர்ச்சி உள்ளவர்கள் செய்த வேலை அது. மற்றவர்கள் அதைப் பார்த்துத் துணிவது தகாது.

கடித்துவிட்டால்

எந்தப் பாம்பு கடித்தாலும் மருத்துவமனைக்குச் செல்வதே முறை. கட்டு விரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். கடிபட்டவரைப் படுக்க வைத்து, அந்தக் கை அல்லது காலில் பலகை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்ட வேண்டும். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட வேண்டும். இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது. 108 ஆம்புலன்சில் தாமதமின்றி ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாம்பைப் பிடித்து எடுத்துச் செல்லத் தேவையில்லை. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான்.

வருமுன் காத்தல்

தவிடு, புண்ணாக்கை மூடியுள்ள டின்களில் வைத்தால் எலி குறையும். எலி குறைந்தால் பாம்பு வரவும் குறையும். விறகையும் வரட்டியையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கலாகாது. கோழிக்கூட்டுக்குச் சிறு கண் வலை அடிப்பது நன்று. அதிகாலையில் பால் கறக்கப் போகும்போது டார்ச் விளக்கு எடுத்துச் செல்வதும், வைக்கோல் போரில் கை வைக்குமுன் கம்பால் தட்டுவதும் அதிகச் செலவில்லாத பாதுகாப்பு. கறவை மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இவற்றை நாள்தோறும் கடைப்பிடித்தால் பாம்புக்கடிக்குப் பெருமளவு தப்பலாம்.