மேட்டு நிலத்தில் கடல் ஜலத் தொட்டி

ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரமுள்ள மேட்டு நிலமாகும். அங்கிருந்து எந்தக் கடற்கரைக்குச் செல்வதானாலும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்ய வேண்டும். ரோஜாவுக்கும், காய்கறிக்கும், மாம்பழத்துக்கும், தொழிற்பேட்டைகளுக்கும் பேர்போன ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் கடல் மீனையும் பவளத்தையும் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் பெங்களூர் நகரம் 40 கிலோமீட்டர் தூரத்திலேயே இருப்பதால், அங்குள்ள கடைகளில் வண்ண மீன்களைக் கண்டு, தம் வீட்டுக் கூடத்திலும் ஒரு கடல் தொட்டி வைக்க வேண்டுமென்று ஆசை கொள்ளும் குடும்பங்கள் இங்கும் உண்டு.

இவ்வாசையில் தவறொன்றுமில்லை. ஆனால் முறையறியாமல் தொடங்கினால் மூன்று விதக் கெடுதல்கள் நேருகின்றன. அவசரத்தால் மீன்கள் மடிகின்றன. சட்டம் தடுத்துள்ள பவளம் வீட்டுக்குள் வந்து சேருகிறது. தொட்டியிலிருந்து மாற்றி ஊற்றும் உப்பு ஜலம் நல்ல நிலத்தைக் கெடுக்கிறது. இம்மூன்றும் நேராமல் தொட்டி அமைக்கும் முறை கீழே விவரிக்கப்படுகிறது.

பவளம் யாது?

பவளம் கல்லன்று, செடியுமன்று. பூவைப்போல் விரியும் மிகச் சிறிய பிராணிகள் கூட்டமாக வாழ்ந்து, கடல் ஜலத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தமக்கென்று கட்டிக்கொள்ளும் கூடே பவளப்பாறை. இப்பிராணியின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, சூரிய வெளிச்சத்தில் உணவு தயாரித்து அதற்குக் கொடுக்கிறது. துவரை, உளுந்து முதலிய பயறுகளின் வேர்முடிச்சில் நுண்ணுயிர்கள் தங்கிச் செடிக்குத் தழைச்சத்து அளிப்பதைக் குடியானவர்கள் அறிவார்கள். இதுவும் அவ்வகை உறவே. கடல் ஜலத்தின் உஷ்ணம் வழக்கத்துக்குமேல் ஓரிரு டிகிரி உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலும் அவ்வுறவு முறிந்து, பாசி வெளியேறி, பவளம் வெளுத்துப்போகிறது. உஷ்ணம் விரைவில் தணியாவிடில் அது மடிகிறது.

தமிழ்நாட்டில் பவளப்பாறைகள் மிகுந்திருப்பது இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவில் ஆகும். அங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டன. முற்காலத்தில் சுண்ணாம்புக்காக இப்பாறைகளை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்துநின்ற பாறை குறையவே தீவுகளின் கரை கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் இன்று ஜலத்துக்குள் மூழ்கிவிட்டன. வரப்பை வெட்டியவன் வயலையும் இழப்பான் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

ஆகவே 2001-ஆம் ஆண்டில், பாறை கட்டும் பவள வகைகள் அனைத்தும், கரும்பவளமும், கடல் விசிறியும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பே பவளத்துக்கும் உண்டு. உயிருள்ள பவளமேயன்றி, காய்ந்த பவளக்கல்லை வாங்குவதும் விற்பதும் குற்றமாகும். இக்குற்றத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். ஆதலால் புதிதாகத் தொடங்குவோர் தொட்டியில் பவளம் வைக்கும் எண்ணத்தை விடுத்து, சுட்ட மண்ணால் செய்த செயற்கைப் பாறையும், குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த மீனும் கொண்டே பவளப்பாறையின் தோற்றத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

தொட்டியும் இடமும்

சிறிய தொட்டியே எளிது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. ஜலம் குறைந்தால் உஷ்ணமும் உப்பும் விரைவில் மாறும். 90 சென்டிமீட்டர் நீளமும், 45 அகலமும், 45 உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 180 லிட்டர் கொள்ளும். இது ஆரம்பத்துக்குத் தகுந்த அளவு. பாறையும் தாங்கியும் சேர்ந்து 250 கிலோவுக்குக் குறையாமல் பாரமிருக்குமாதலால், உறுதியான தரையில் சுவரோரமாகவே வைக்க வேண்டும். நேர் வெயில் படும் சன்னலருகே வைத்தால் பாசி மண்டும்.

கிருஷ்ணகிரியில் மலிவாகக் கிடைக்கும் கருங்கல்லை உள்ளே அடுக்கலாமா என்று கேட்போர் உண்டு. கருங்கல்லில் நுண்துளைகள் இல்லை. ஆகையால் தொட்டியைச் சுத்தமாக்கும் நுண்ணுயிர்கள் குடியேற அதில் இடமில்லை. துளைகள் நிறைந்த சுட்ட மண் பாறையே ஏற்றது. ஜலத்தைச் சுழலச் செய்யும் சிறு பம்பு ஒன்றும், கழிவை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் நுரை நீக்கி ஒன்றும் இருத்தல் நலம்.

ஜலமும் உப்பும்

இம்மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று ஜலம் பல இடங்களில் கடினமானது, புளூரைடும் மிகுந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லும் எலும்பும் கெடும் நோயைத் தடுக்கவே, காவேரி ஜலத்தைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டது. அக்குழாய் ஜலத்திலும் கிருமி நீக்கக் குளோரின் கலந்திருக்கும். ஆகவே இரண்டையும் நேரே உபயோகிக்கலாகாது. 'ஆர்.ஓ.' முறையில் சுத்தி செய்த ஜலமே வேண்டும், டி.டி.எஸ். மீட்டரில் அளந்தால் பத்துக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். குடிநீராக விற்கும் கேன் தண்ணீரில் இதைவிட அதிக உப்புகள் இருக்கக்கூடுமாதலால், அளந்து பார்த்தே வாங்குக.

சமையல் உப்பைக் கரைத்தால் கடல் ஜலம் ஆகிவிடாது. கடல் ஜலத்தில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றில் சமையல் உப்பேயன்றி, மக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவிலும், கால்சியமும் பொட்டாசியமும் தனித்தனியே 400 மில்லிகிராம் அளவிலும் அடங்கியிருக்கின்றன. இவையனைத்தும் சேர்ந்த செயற்கைக் கடல் உப்பையே வாங்க வேண்டும். 180 லிட்டருக்கு 6 கிலோவுக்குச் சற்று மேல் தேவைப்படும். தனி வாளியில் கரைத்து, ஒரு நாள் முழுதும் பம்பினால் சுழலவிட்டு, அடர்த்தி 1.025 இருப்பதைக் கருவியால் பார்த்தபின் தொட்டியில் ஊற்றுக.

ஆறு வாரக் காத்திருப்பு

தொட்டி வைத்தோரில் பலர் தோல்வியுறுவது இவ்விடத்தில்தான். ஜலம் தெளிந்து அழகாக இருக்கிறது என்று முதல் நாளே மீனை விடுகிறார்கள். ஒரு வாரத்துக்குள் மீன் மடிகிறது. காரணம் யாதெனில், மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அதை மாற்ற வேண்டிய நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் இல்லை. வயலில் இட்ட பிண்ணாக்கும் யூரியாவும் முதலில் அமோனியாவாகவும், பின் நைட்ரைட்டாகவும், கடைசியில் நைட்ரேட்டாகவும் மாறுவதைக் குடியானவர்கள் கேட்டிருப்பார்கள். இம்மாற்றத்தைச் செய்பவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே என்பதை ருஷ்ய விஞ்ஞானி வினோகிராத்ஸ்கி 1890-ஆம் ஆண்டையொட்டி நிரூபித்தார். தொட்டியிலும் அதே வேலையே நடைபெற வேண்டும். கடல் ஜலம் காரத்தன்மை உடையதாதலால், சாதாரண மீன் தொட்டியைவிட இங்கே அமோனியாவின் நஞ்சு கடுமையானது.

ஆகவே மீன் இல்லாமலே நுண்ணுயிர்களைப் பெருக்க வேண்டும். சுத்தமான நவச்சாரம் ஒரு கிராம் அளவு தொட்டியில் கரைத்து, பம்பை இரவும் பகலும் ஓடவிட வேண்டும். பரிசோதனைப் பெட்டியால் வாரம் இருமுறை அளந்தால், முதலில் அமோனியா குறைந்து நைட்ரைட் ஏறுவதும், பிறகு நைட்ரைட் குறைந்து நைட்ரேட் ஏறுவதும் தெரியும். மீண்டும் ஒரு கிராம் இட்டு, ஒரே நாளில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் தொட்டி தயாராகிவிட்டது. இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாற்றங்கால் தேறுமுன் நடவு செய்பவர் எவருமில்லை, இதுவும் அவ்வாறே.

மீன்

முதலில் ஒரு ஜோடி கோமாளி மீன் போதும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இம்மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறைகளை வகுத்துள்ளன. பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது. கடலில் பிடித்ததைவிட நீடித்து வாழும். இம்மீன்கள் யாவும் ஆணாகவே வளர்ந்து, கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாக மாறுவது ஓர் அதிசயம். ஆகையால் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரு இளம் மீன்களை வாங்கினால் நாளடைவில் ஜோடி அமையும். கடற்சாமந்தி இல்லாமலும் இவை நன்றாக வாழும். தினம் இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே தீவனம் இடுக.

உஷ்ணமும் மின்சாரமும்

ஜலத்தின் உஷ்ணம் 25 முதல் 27 டிகிரி வரை இருக்க வேண்டும். ஓசூரில் மார்கழி, தை மாதத்து இரவுகளின் குளிருக்கு 200 வாட் நீர்ச் சூடேற்றி அவசியம். கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலுக்கோ, ஜலப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஜலம் ஆவியாகும்போது உப்பு பின்தங்குகிறது. உப்பளத்தில் நடப்பதும் இதுவே. ஆதலால் கண்ணாடியில் ஒரு கோடு குறித்து, குறைந்த அளவை உப்பில்லாத ஆர்.ஓ. ஜலத்தால் தினமும் நிரப்ப வேண்டும். கடல் ஜலத்தில் பிராணவாயு நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மின்சாரம் நின்றுபோகும் நேரத்துக்குப் பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கழிவு ஜலத்தை நிலத்தில் ஊற்றலாகாது

வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு, அதாவது 18 லிட்டர் மாற்ற வேண்டும். அதில் 630 கிராம் உப்பு உள்ளது. ஓர் ஆண்டில் அது 33 கிலோவாகும். பாசன ஜலத்தின் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸுக்கு மேற்பட்டாலே பெரும்பாலான பயிர்களுக்குத் தீங்கு. கடல் ஜலத்திலோ அது 50-க்கும் மேல். ரோஜா உப்பைச் சிறிதும் தாங்காத செடி. கொல்லைப்புற வாய்க்காலில் ஊற்றும் பழக்கம் சில ஆண்டுகளில் அவ்விடத்தைக் களராக்கிவிடும், கிணற்றையும் கெடுக்கும். ஆகையால் ஒன்றரை சதுர மீட்டர் பரப்புள்ள ஆழமற்ற சிமென்ட் தொட்டியில் ஊற்றி வெயிலில் உலர்த்தி, எஞ்சும் உப்பைச் சுரண்டி எடுத்துக் குப்பையில் தனியே சேர்ப்பிக்க வேண்டும். மழைக்காலத்தில் அத்தொட்டியை மூடிவைக்க வேண்டும். அவ்வுப்பைச் சமையலிலோ மாட்டுத் தீவனத்திலோ கலக்கலாகாது. வேண்டாத மீனைக் கெலவரப்பள்ளி அணையிலோ ஏரியிலோ விடுவதும் தகாது. உப்பில்லாத ஜலத்தில் அது சில மணி நேரத்தில் மடியும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

உயிருள்ள பாறை என்றும், அலங்காரக் கல் என்றும் பெயர் சொல்லிப் பவளம் கைமாறுவது உண்டு. கல்லின் மேல் நெருக்கமாக நட்சத்திர வடிவக் குழிகள் இருப்பின் அது பவளமாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கடற்குதிரையும் கடல் அட்டையும் கூடச் சட்டத்தால் காக்கப்பட்டவையே. இத்தகைய பொருளைக் கண்டால் வனத்துறைக்கு உடனே தெரிவிப்பது கடமையாகும். அறியாமல் வாங்கிய குடும்பங்கள் பல இருக்கக்கூடுமாதலால், முன்கூட்டியே கிராமத்தில் எடுத்துச் சொல்வது வழக்கைவிட நன்மை தரும்.

இதைத் தொழிலாகச் செய்ய விரும்புவோர், ஒரு ஜோடி மீனை ஓர் ஆண்டு குறைவின்றி வளர்த்துப் பழகிய பின்னரே முதல் போட வேண்டும். 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரியின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், அலங்கார மீன் வளர்ப்புக்கு மானியம் வகுக்கப்பட்டுள்ளது; விவரங்களை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

மேட்டு நிலத்து வீட்டில் கடலை அமைக்கக் கடலிலிருந்து ஒன்றையும் பறிக்க வேண்டியதில்லை. சுத்த ஜலமும், நல்ல உப்பும், ஆறு வாரப் பொறுமையும் போதும். மன்னார் வளைகுடாவின் பவளம் அங்கேயே இருந்து தீவுகளைக் காக்கட்டும்; வீட்டு நிலமும் உப்பேறாமல் விளையட்டும்.