உப்புக்காற்றில் இரண்டு தகடுகள்

பத்து மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு இரும்புத் தகடுகள் உங்களிடம் இருக்கின்றன. வாசல் கதவின் தூணுக்கோ, தண்ணீர்த் தொட்டி வைக்கும் மேடைக்கோ அவற்றை ஒன்றோடொன்று பிரியாதபடி இணைக்க வேண்டும். எப்படி இணைப்பீர்கள்? உங்கள் வீடு மதுரையில் இருந்தால் இதற்கு ஒரு விடை. மண்டபத்திலோ இராமேஸ்வரத்திலோ இருந்தால் வேறொரு விடை. இந்த வேறுபாட்டுக்குக் காரணத்தைப் பாம்பன் பாலத்திடமே கேட்கலாம்.

1914 பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் தகடுகளை இணைத்தவை தறையாணிகள். பட்டறைகளில் ரிவிட் என்பார்கள். அந்தக் காலத்தில் பாலங்களைப் பற்றவைத்துக் கட்டும் வழக்கம் இல்லை. ஒரு முனையில் மட்டும் தலையுள்ள ஆணியைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, இரு தகடுகளின் துளைகளிலும் நுழைத்து, மறுமுனையைச் சம்மட்டியால் அடித்து இன்னொரு தலை ஆக்குவார்கள். ஆணி ஆறும்போதுதான் உண்மையான வேலை நடக்கிறது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சிய இரும்புப் பட்டை குளிர்ந்து சுருங்கி மரச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்குமே, அதே தத்துவம்தான் இதுவும்.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் 0.000012 பங்கு சுருங்கும். இரு தலைகளுக்கும் இடையே 50 மி.மீ. உள்ள ஆணி 900 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறினால், தடையின்றி விட்டால், அரை மில்லிமீட்டர் சுருங்கியிருக்கும். தகடுகள் விடவில்லை. ஆகவே ஆணி இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடுகிறது. தகடுகளை அது அழுத்தும் அழுத்தத்தால் உராய்வு உண்டாகிறது. தகடுகள் நழுவாமல் இருப்பதற்கு ஆணியின் உடல் மட்டுமன்றி இந்த உராய்வும் காரணம்.

இத்தகைய இணைப்பு எவ்வளவு உறுதியானது? 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தன. மீனவர்களின் உதவியோடு பலவற்றைத் தேடி எடுத்து மீண்டும் தூண்கள்மேல் ஏற்றினார்கள். ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் நடந்த அந்தப் பணி 46 நாட்களில் முடிந்தது. கடலுக்கடியில் கிடந்தும், திரும்பப் பயன்படும் அளவுக்கு அந்தக் கர்டர்கள் குலையாமல் இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

வீட்டில் தறையாணி காய்ச்ச யாரும் உலை மூட்டப்போவதில்லை. அதே வேலையை போல்ட்டும் நட்டும் செய்யும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 12 மி.மீ. கனமுள்ள அத்தகைய போல்ட்டைச் சரியாக முறுக்கினால் ஏறத்தாழ மூன்றரை டன் எடைக்குச் சமமான விசையோடு தகடுகளை அது நெருக்கும். எண் எதுவும் இல்லாத மலிவான போல்ட்டிடம் இதை எதிர்பார்க்க முடியாது. மதுரைக்காரர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடற்கரையில் தொல்லை தொடங்குவது இனிமேல்தான். எவ்வளவு இறுக்கினாலும் இரு தகடுகளுக்கு நடுவே தலைமயிரினும் மெல்லிய இடுக்கு ஒன்று எஞ்சும். உப்பு ஈரம் அதற்குள் ஊறிவிடும். இடுக்கின் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகிறது. வெளிமுகத்திலோ வேண்டிய மட்டும் இருக்கிறது. ஒரே தகட்டில் இந்த ஏற்றத்தாழ்வு ஏற்பட்டதும் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகி, ஆக்சிஜன் குறைந்த உட்பகுதி கரையத் தொடங்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் உள்ளே திரண்டு, அந்த ஈரத்தை அமிலமாக்கிவிடுகின்றன. இதில் கேடு என்னவென்றால், இரும்பைவிடத் துரு இரண்டு மடங்குக்கும் மேல் இடம் அடைக்கும். மரத்தில் ஆப்பு அடித்தாற்போல அது தகடுகளை நெம்பிப் பிரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்.

துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டால் தீராதா என்று சிலர் கேட்பார்கள். போல்ட் பிழைக்கும், இடுக்கு போகாது. இதன் மறுதலையை மட்டும் செய்துவிடாதீர்கள்: துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் சாதாரண இரும்பு போல்ட் மாட்டினால், தகட்டைக் காப்பாற்றிவிட்டு போல்ட் விரைவில் கரைந்துபோகும்.

ஆகவே கடலோர வீட்டுக்கு ஏற்றது இடுக்கே இல்லாத இணைப்பு, அதாவது பற்றவைப்பு. இங்கேதான் பல பட்டறைகளில் சிக்கனம் பார்க்கிறார்கள். ஒரு தகட்டின்மேல் இன்னொன்றை வைத்து, அங்கங்கே ஓரங்குலம் ஓரங்குலமாகப் பற்றவைத்து விடுகிறார்கள். பலத்துக்கு அது போதலாம். ஆனால் பற்றவைக்காத இடமெல்லாம் உப்புக்குத் திறந்த வாசல். சுற்றிலும் விடாமல் பற்றவைக்கச் சொல்லுங்கள். இரு தகடுகளையும் முனையோடு முனை சேர்ப்பதானால் விளிம்புகளைச் சாய்வாகத் தேய்த்து, இரண்டும் சேர்ந்து 60 டிகிரிப் பள்ளம் ஆக்கி, அடிவரை உருகிச் சேரும்படி நிரப்ப வேண்டும். மேலே மட்டும் ஒரு வரி ஓட்டினால், பத்து மில்லிமீட்டரில் பாதி ஒட்டாமலே கிடக்கும். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் பற்றவைக்குமுன் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். பற்றவைக்கும் சுடரை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பதை அருகில் நிற்கும் குழந்தைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

பாம்பனும் இந்த வழிக்கே வந்தது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி கப்பலுக்காக நேராக மேலே எழும்பும். தகடுகள் பற்றவைத்து இணைக்கப்பட்டு, மேலே பாலிசிலோக்சேன் என்னும் காப்புப்பூச்சு பூசப்பட்டிருக்கிறது.

பற்றவைப்பிலும் ஒரு குறை உண்டு. உள்ளே ஒரு கீறல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பாலங்களில் இதைக் கேளா ஒலி அலைகளைச் செலுத்திக் கண்டுபிடிக்கிறார்கள். தொட்டி போன்றவற்றில் ஊடுருவிச் செல்லும் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, பட்டறையிலேயே ஒரு சோதனை உண்டு. பற்றவைத்த வரியின் ஒருபுறம் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். மறுபுறம் மண்ணெண்ணெய் தடவுங்கள். அரைமணி நேரம் கழித்து, அருகில் நெருப்பு எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, சுண்ணாம்பைக் கவனியுங்கள். ஈரக்கறை எங்கே தெரிகிறதோ அந்த இடத்தைத் தேய்த்தெடுத்து, மண்ணெண்ணெயை முழுதும் துடைத்து உலர்த்தியபின், மீண்டும் பற்றவைக்க வேண்டும்.