கெஸ்டபோ கோப்பு நாவலாவது எப்படி?

சுண்டைக்காய் வற்றலை வெறுமனே மென்றால் உப்பும் கசப்பும்தான். நல்லெண்ணெயில் வறுத்து, புளிக்கரைசலில் எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட்டால் குழம்பு. போர்க்கால எதிர்ப்பைச் சொல்லும் நாவலில் ஆவணம் வற்றல், கற்பனை புளிக்கரைசல். வற்றல் புளியைக் குடித்து உப்பும். கசப்பை மட்டும் விடாது. கசப்பே தெரியாதபடி புளியை ஊற்றினால் அதை வற்றல் குழம்பு என்று சொல்ல முடியாது.

ஜெர்மன் நாவலாசிரியர் ஹான்ஸ் ஃபல்லாடாவுக்குக் கிடைத்த வற்றல், நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் ஒரு வழக்குக் கோப்பு. 1945இல் கவிஞர் யோஹான்னஸ் பெஹர் அதை அவரிடம் தந்தார். ஓட்டோ ஹாம்பல், எலீஸ் ஹாம்பல் என்ற பெர்லின் தொழிலாளித் தம்பதியின் வழக்கு அது. 1940இல் எலீஸின் சகோதரர் பிரான்ஸ் நாட்டுப் போர்முனையில் இறந்தார். அதன்பின் ஈராண்டுகள், ஹிட்லருக்கு எதிராக 200க்கும் மேற்பட்ட அஞ்சலட்டைகளை எழுத்துப் பிழைகளோடு எழுதி, அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளில் இருவரும் வைத்துவிட்டு வந்தார்கள். 1943 ஏப்ரல் 8 அன்று பிளோட்சென்சே சிறையில் இருவர் தலைகளும் துண்டிக்கப்பட்டன. 1946இல் இந்தக் கோப்பை வைத்துச் சில வாரங்களிலேயே ஒரு நாவலை எழுதி முடித்த ஃபல்லாடா, அது அச்சாவதற்குள் இறந்துபோனார்.

அவர் சேர்த்த புளி என்ன? ஹாம்பல் தம்பதி குவாங்கல் தம்பதி ஆனார்கள். இறந்த சகோதரர் ஒரே மகன் ஆனார். இந்த மாற்றம் மிகச் சரி என்பேன். மைத்துனரின் சாவு ஓட்டோவுக்கு ஒரு கை தள்ளித்தான் வலிக்கும். மகன் என்றால் ஒரே துக்கம் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து எழுதச் சொல்லும். அண்டைவீட்டாரும், வேட்டையாடும் அதிகாரி எஷெரிஹும் கோப்பின் எலும்புக்குச் சதை கொடுக்கிறார்கள்.

கசப்பான ஓர் உண்மையில் மட்டும் அவர் கைவைக்கவில்லை. கண்டெடுத்தவர்கள் பயந்துபோய் பெரும்பாலான அட்டைகளைப் போலீஸிடமே ஒப்படைத்துவிட்டார்கள். அவற்றைப் படித்து பெர்லின் பொங்கி எழுந்ததாக எழுத ஃபல்லாடாவுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! அப்படி எழுதியிருந்தால், யாரும் துணைக்கு வராத ஊரில் எழுதிக்கொண்டே இருந்த அந்த இருவரின் துணிவு காணாமல் போயிருக்கும்.

முடிவில்தான் எனக்கு அவரோடு வழக்கு. நாவலில் கணவனும் மனைவியும் கடைசிவரை ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுப்பதில்லை. உண்மையில் மரண தண்டனைக்குமுன் ஹாம்பல் தம்பதி உடைந்துபோனார்கள். கருணை கேட்டு ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டார்கள். அதனால் அவர்கள் எழுதிய அட்டைகளில் ஒன்றுகூடப் பொய்யாகிவிடாது. அந்த உடைவை எழுத ஃபல்லாடாவைவிடத் தகுந்தவர் யார்? நாஜி பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் நெருக்குதலுக்குப் பணிந்து, 1938இல் ‘இரும்பு குஸ்டாவ்’ நாவலின் முடிவைத் தன் கையாலேயே மாற்றி எழுதியவர் அவர்.