சமோவாவில் தட்டம்மை பரவிய கதை

பசிபிக் தீவு நாடான சமோவாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 லட்சம். 2018 ஜூலையில் அங்கே எம்.எம்.ஆர். ஊசி போட்ட சிறிது நேரத்தில் 2 குழந்தைகள் இறந்தன. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் ஊசி அது. குறை தடுப்பூசியில் இல்லை. தூளாக வரும் மருந்தைத் தூய நீரில் கரைக்க வேண்டும். செவிலியர்கள், அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் காலாவதியான மருந்தைக் கலந்துவிட்டனர். அந்தச் செவிலியர்கள் இருவருக்கும் 5 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

அதற்குள் அரசு தடுப்பூசித் திட்டத்தையே பல மாதங்கள் நிறுத்தியிருந்தது. பெரும்பிழை அதுதான். பெற்றோருக்குத் தெளிவான விளக்கம் கிடைக்காத அந்த இடைவெளியில் தடுப்பூசி எதிர்ப்பாளர்களின் பேச்சு எடுபட்டது. அமெரிக்காவின் ‘சில்ட்ரன்ஸ் ஹெல்த் டிஃபென்ஸ்’ அமைப்பின் தலைவராக இருந்த ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் 2019 ஜூனில் சமோவா வந்து உள்ளூர் எதிர்ப்பாளர்களைச் சந்தித்தார்.

எம்.எம்.ஆர். ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற அச்சம் பழையது. 12 குழந்தைகளை மட்டும் வைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை அதைக் கிளப்பிவிட்டது. 2010இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனில் அவரது மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. அச்சம் மட்டும் நீங்கவில்லை.

தட்டம்மை பரவாமல் தடுக்க 95 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். 2018இல் சமோவாவில் முதல் தவணை பெற்ற குழந்தைகள் 31 விழுக்காடுதான் என்பது உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் மதிப்பீடு.

2019 இறுதியில் நோய் வந்தபோது தடுக்க எதுவும் இல்லை. வைட்டமினும் பப்பாளி இலைச் சாறும் போதும் என்று சிலர் பரப்பினர். தடுப்பூசியே நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார் கென்னடி. 5,700க்கும் மேற்பட்டோரைத் தட்டம்மை தாக்கியது. 83 பேர் இறந்தனர். பெரும்பாலோர் 5 வயது நிறையாத குழந்தைகள். டிசம்பரில் 2 நாள் அரசு அலுவலகங்களை மூடி, ஊழியர்கள் வீடு வீடாக ஊசி போட்டனர். ஊசி போடாதவர்கள் வாசலில் சிவப்புத் துணி கட்டிவைக்கச் சொல்லியிருந்தார்கள்.

அதே மாதங்களில் அண்டை நாடுகளான டோங்காவிலும் ஃபிஜியிலும் தட்டம்மை பரவியது. அங்கே பெரும்பாலான குழந்தைகளுக்கு முன்பே ஊசி போட்டிருந்தார்கள், ஒருவர்கூட இறக்கவில்லை.