வசந்த காலத்து நுவரெலியாவும் சூல்கொண்ட மகளிரும்

பங்குனி கழிந்து சித்திரை பிறக்குங் காலம் நுவரெலியா நகருக்கு வசந்த காலமாகும். ஏப்பிரல் முதலாம் நாள் பாடசாலைச் சிறார்களின் வாத்திய அணிவகுப்போடு தொடங்கும் விழா, அம்மாதம் முழுவதும் நீடிக்கும். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் ஒருபுறமிருக்க, கிரகரி வாவிக் கரையிலே இராட்டினங்களும் ஊஞ்சற் படகுகளும் மோதுவண்டிகளும் நிறைந்த களியாட்ட அரங்குகள் எழுந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மக்கள் குடும்பங் குடும்பமாக மலையேறி வருவர். உடப்புசல்லாவை, இராகலை, கந்தப்பளைத் தோட்டங்களிலிருந்தும் லொறிகளிலும் பஸ்களிலும் தொழிலாளர் குடும்பங்கள் வந்து சேரும்.

எம் கல்லூரியை விட்டு நீங்கியபின் யான் நெடுங்காலம் உடப்புசல்லாவைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியனாகப் பணியாற்றி, இன்றும் அவ்வூரிலேயே வாழ்கின்றேன். ஆண்டுதோறும் சித்திரை நெருங்கும்பொழுது என்னுடன் கற்ற நண்பர்கள், அவர்தம் மக்கள், மருமக்கள் ஆகியோரிடமிருந்து ஒரே வகையான வினா வரும்: “வீட்டில் அவளுக்கு ஐந்து மாதம், நுவரெலியாவுக்குக் கூட்டி வரலாமா?” யான் மருத்துவனல்லன். ஆயினும் மருத்துவர்களிடமும் எங்கள் பகுதிக் குடும்பநல மாதரிடமும் கேட்டறிந்தவற்றையும், யானே செய்த ஒரு தவற்றினால் கற்றவற்றையும் இந்த இதழ் வாயிலாகப் பலருக்கும் சொல்லிவைத்தல் நலமெனக் கருதினேன்.

முதலில் அத்தவற்றைச் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலைப் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒருநாட் பயணமாக நுவரெலியாவிற்கு அழைத்துச் சென்றேன். அங்கே ஊஞ்சற் படகின் அருகில் நின்ற ஓர் இளந்தாய், தன் மூத்த பிள்ளையின் கையைப் பிடித்தபடி, “சேர், பிள்ளையோட நானும் ஏறலாமா?” என்று கேட்டாள். அவளுக்கு அப்பொழுது ஆறு மாதம். பிறந்த நாள்முதல் தோட்டத்தை விட்டு அதிகம் வெளியே வாராதவள். அவள் முகத்திலிருந்த ஆவலைக் கண்டு, “அதற்கென்னம்மா, ஏறுங்கள்” என்றேன். சீட்டு விற்றவரும் ஒன்றுங் கேட்டாரல்லர். திரும்பும் வழியில் அவள் வயிறு கல்லாய் இறுகியது; சிறிது உதிரமும் கண்டது. வைத்தியசாலையில் மூன்று நாட்கள் வைத்துப் பார்த்தார்கள். “யார் உன்னை ஏறச் சொன்னது?” என்று வைத்தியர் கடிந்தபொழுது, “நானாத்தான் ஏறுனேங்க” என்றாள். பக்கத்தில் நின்ற யான் தலை குனிந்தேன். இறையருளால் பிள்ளை தப்பியது. இன்று எங்கள் பாடசாலையிலேயே படிக்கின்றது. ஆயினும் அன்றுமுதல், ‘ஏறினால் என்ன?’ என்ற வினாவிற்கு விடை தேடலானேன்.

கருப்பை தசையால் ஆனது. ஆகலின் நீளவும் சுருங்கவும் வல்லது. அதன் உட்சுவரில் ஒட்டியிருந்து குழந்தைக்கு உணவும் உயிர்வளியும் ஊட்டும் நச்சுக்கொடியோ அவ்வாறு நெகிழ்வதன்று. வண்டி ஒன்று விரைந்து சென்று திடீரென நின்றாலோ, ஓரிடத்தில் மோதினாலோ, கருப்பைச் சுவர் ஒருவாறும் நச்சுக்கொடி வேறொருவாறும் அசையும். அவ்வசைவு வேற்றுமையால் கொடியின் ஒரு பகுதி சுவரினின்றும் கழன்றுவிடல் கூடும். கழன்ற அளவிற்குக் குழந்தைக்குச் செல்லும் உயிர்வளி குறையும். தாய்க்கும் உதிரப்பெருக்கு உண்டாகும். கருவுற்ற மகளிரைச் சுழல்வண்டியில் ஏற்றிச் சோதனை செய்து பார்க்க எவருந் துணியார். ஆதலின் இவ்வறிவு பெரிதும் மோட்டார் வண்டி விபத்துகளில் அகப்பட்ட தாய்மாரைக் கவனித்த மருத்துவர்களிடமிருந்தே கிடைத்ததாகும். அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து முதல், நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையத்தருகே அமைந்த பிளாக் தண்டர் நீர்விளையாட்டுப் பூங்கா போன்றவை வரை, இவ்வகை இடங்களுக்குச் செல்லும் கருவுற்ற மகளிர் விரைவுச் சவாரிகளை விலக்க வேண்டுமென்பதற்கு இதுவே காரணம். பெரிய பூங்காக்களில் அறிவிப்புப் பலகை தடுக்கும். விழாக்காலத்து அரங்குகளில் அப்பலகை இல்லாதிருக்கலாம். அங்கே நமது அறிவே பலகையாதல் வேண்டும்.

இனி எவற்றை விலக்குவது என்பதை நோக்குவோம். மோதுவண்டி, ஊஞ்சற் படகு, விரைந்து சுழலும் இராட்டினம், நீர்ச்சறுக்கல் ஆகியன எம்மாதத்திலும் ஆகா. கிரகரி வாவியில் ஓடும் நீர் ஸ்கூட்டரும் விரைவுப் படகும் அலைமேல் துள்ளித் துள்ளி விழுவன, அவையும் அத்தகையனவே. மட்டக்குதிரைச் சவாரி மெல்லச் செல்வதாயினும், குதிரை மிரண்டால் வீழ்ச்சி நிச்சயம். மெதுவாகச் சுற்றும் பெரிய இராட்டினத்தில் குலுக்கல் இல்லை என்பர். ஆயினும் தலைச்சுற்றும் குமட்டலும் வந்தவிடத்து நடுவானில் இறங்க முடியாது. மடிமேல் அழுத்தும் இரும்புத் தடையுள்ள எந்த ஆசனமும் வயிற்றுக்கு ஒவ்வாது. அமைதியான நீரில் உயிர்காப்பு அங்கியுடன் மெல்லச் செல்லும் படகுப் பயணம் பெரும்பாலோர்க்குத் தீங்கன்று. அங்கும் ஏறும்போதும் இறங்கும்போதும் கைகொடுக்க ஒருவர் வேண்டும். கருப்பகாலத்துச் சுரப்புகளால் மூட்டுகளின் கட்டுகள் நெகிழ்கின்றன. வயிறு முன்தள்ளுவதால் உடலின் நிறைமையமும் மாறுகின்றது. ஆகவே முன்னர் எளிதாய்த் தாண்டிய படியிலும் இப்பொழுது கால் தவறலாம்.

எந்த மாதத்திற் செல்வது நன்று? முதன் மூன்று மாதங்களில் குமட்டலும் களைப்பும் மிகும். இறுதி மாதங்களில் நடையும் மூச்சும் வருத்தும்; பேறு முன்னதாக நேரினும் நேரலாம். நான்காம் மாதம் நிரம்பியதிலிருந்து ஏழாம் மாதம் வரையுள்ள காலமே பயணத்திற்கு இசைந்தது. உதிரம் கண்டவர், இரத்த அழுத்தம் மிக்கவர், முன்னர்க் குறைமாதப் பேறு நேர்ந்தவர், நச்சுக்கொடி கருப்பை வாயிலை மறைத்திருப்பதாகச் சொல்லப்பட்டவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாது புறப்படலாகாது. ஏனையோரும் ஒருமுறை குடும்பநல மாதிடம் சொல்லிவிட்டுச் செல்வது நல்ல வழக்கம்.

உடப்புசல்லாவையிலிருந்து நுவரெலியா செல்லும் வீதி இராகலை, கந்தப்பளை வழியாக வளைந்து வளைந்து ஏறுவது. நானுஓயாவிலிருந்து இராகலை வரை ஓடிய சிறு புகைவண்டிப் பாதை 1948ஆம் ஆண்டில் மூடப்பட்டபின் வீதியன்றி வேறு வழியில்லை. பஸ்ஸிற் செல்வோர் பின்சக்கரத்தின்மேல் அமையும் இருக்கையைத் தவிர்த்து, முன்பகுதியில் அமர்க. லொறியின் பின்புறத்தில் நின்றுகொண்டு செல்லுதல் கருவுற்றவர்க்கு அறவே கூடாது. காரிற் செல்வோர் ஆசனப் பட்டியை அணிய அஞ்சுதல் தவறு. கீழ்ப்பட்டி வயிற்றின் கீழாகத் தொடைகளின்மேற் படிய வேண்டும். மேற்பட்டி மார்பின் நடுவே சென்று வயிற்றின் பக்கமாக இறங்க வேண்டும். வயிற்றின் குறுக்கே செல்லும் பட்டி காவாது, நெருக்கும். தொலைவிலிருந்து வருவோர் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை இறங்கிச் சிறிது நடப்பின், கால்களில் இரத்தம் தேங்கி உறையாது.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,100 அடி உயரத்திலுள்ளது. “உயரம் குழந்தைக்கு ஆகாதல்லவா?” என்று சமவெளி நண்பர் பலர் வினவுவர். உடல்நலமுள்ள தாய்க்கு இவ்வுயரம் தீங்கு செய்வதன்று. சமவெளியிலிருந்து வந்தவர்க்கு முதல் நாள் சிறிது மூச்சு வாங்கலாம். அன்று ஓய்ந்திருந்து மறுநாள் சுற்றிப் பார்ப்பது நன்று. மலையிற் பிறந்து வளர்ந்தவர்க்கு அதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது ஏப்பிரல் மாதத்து வானிலையே. காலையில் வெயிலெறிக்கும், பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். மழைக்குப்பின் புற்றரை வழுக்கும். ஆதலின் காலையிலேயே சென்று பிற்பகல் இரண்டு மணிக்குள் திரும்புதல் அறிவுடைமை. குளிர்காற்று வெயிலின் கடுமையை மறைத்துவிடும், குடை அவசியம். அடி தட்டையான, வழுக்காத காலணியும், கழற்றவும் போர்த்தவும் எளிதான கம்பளிச் சட்டையும் உடன் இருக்கட்டும்.

நீர் அருந்துதல் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லல் வேண்டும். கருப்பகாலத்தில் தாயின் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகின்றது. நீர் குறையின் தலை சுற்றும். கருப்பையும் இறுகத் தொடங்கும். குளிர்ப் பிரதேசத்தில் தாகம் தோன்றாதாகையால் தாகத்தை எதிர்பாராது சிறுகச் சிறுக நீர் குடித்தல் வேண்டும். ஆனால் நம் பெண்கள் வெளியிடங்களில் நீர் குடிப்பதையே தவிர்ப்பர். கழிவறை எங்குள்ளதென்று கேட்க நாணுவதே காரணம். சிறுநீரை அடக்குவதால் தொற்று நோய் உண்டாகும். அத்தொற்றே சில வேளைகளில் குறைமாதப் பேற்றிற்கும் ஏதுவாகும். பூங்காவுள் நுழைந்தவுடன் கழிவறை எங்கென்று கேட்டறிதல் கணவனின் கடமையெனக் கொள்க. விழா நாளில் ஒரு பகற்பொழுது சுற்றுலாப் பெண்ணுக்கு வருகின்ற இத்துன்பம், கொழுந்து மலையில் நாள் முழுதும் நிற்கும் எங்கள் பெண்களுக்கு நாடோறும் உள்ள துன்பமென்பதையும் வாசகர் நினைவில் இருத்துவராக.

உணவை வீட்டிலிருந்து கொண்டு செல்வதே சிறந்தது. அவித்த கடலை, ரொட்டி, வாழைப்பழம் போன்றவற்றை இரண்டு மணிக்கொருமுறை சிறிது சிறிதாக உண்டால் குமட்டல் அடங்கும். நுவரெலியாவிற்குப் பெருமை தரும் ஸ்ட்ரோபரிப் பழத்தை நன்கு கழுவியே உண்க. காய்ச்சாத பாலும், வெட்டித் திறந்து வைத்த பழங்களும் வேண்டா. தேயிலை நாட்டில் இருந்துகொண்டு தேநீருக்கு எதிராகச் சொல்லத் துணியேன். ஆயினும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் அச்சத்து உடலிற் சேராது. இரண்டிற்கும் இடையே ஒருமணி நேரமாவது கழியட்டும்.

எங்கே செல்வது? நகர நடுவேயுள்ள விக்டோரியாப் பூங்காவே என் முதற் பரிந்துரை. விக்டோரியா மகாராணியின் வைர விழா ஆண்டான 1897இல் அப்பெயர் பெற்ற இப்பூங்காவில் சமதரைப் பாதைகளும் மரநிழலும் உண்டு. அரிய பறவைகளைக் காண விழைவோரும் இங்கு வருவர். மலர்க் கண்காட்சி நாளில் நெரிசல் மிகும். நெரிசலில் வயிற்றில் முழங்கை இடிபடலாம். ஆகலின் கதவு திறந்தவுடன் காலையிற் சென்றுவிட வேண்டும். ஹக்கலைப் பூங்கா 1861ஆம் ஆண்டு சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கப்பட்டது. சரிவான இடமாதலின் மேற்பகுதிக்கு ஏறாது, கீழுள்ள மலர்ப்பாத்திகளோடு நின்றுவிடலாம். வழியிலே சீதா எலியவில் சீதையம்மன் கோயிலைத் தரிசித்துச் செல்லலாம். கிரகரி வாவி, தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில் 1873ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்டது. அதன் கரையிலே அரைமணி நேரம் நடந்து, அரைமணி நேரம் கால்களை உயர்த்தி அமர்ந்திருந்து, பிள்ளைகள் இராட்டினத்திற் சுற்றுவதைக் கண்டு களித்தலும் ஓர் இன்பமே.

மகப்பேற்றுப் பதிவட்டையை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லல் ஆகாது. இரத்த வகை அதிலே உள்ளது. ஆர்எச் எதிர்மறை இரத்த வகையினர் வயிற்றில் அடிபட்டாலோ உதிரங் கண்டாலோ 72 மணி நேரத்துள் தனி ஊசி ஒன்று தேவைப்படலாம். உதிரம், நீர் கசிதல், விட்டு விட்டோ தொடர்ந்தோ வயிறு இறுகுதல், கடுந்தலைவலி, கண் மங்கல், குழந்தையின் துடிப்புக் குறைதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும், ‘வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்’ என்னாது நுவரெலியா அரசினர் வைத்தியசாலைக்கு விரைக. விழுந்தவர் வலி இல்லையெனினும் காட்டிக்கொள்ள வேண்டும். நச்சுக்கொடி கழன்றதன் குறி சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். 1990 என்னும் எண்ணை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும்.

இவ்வளவுஞ் சொன்னது எவரையும் வீட்டிலே அடைத்து வைப்பதற்கன்று. வயிற்றுப் பிள்ளையோடு வாயிற்படி தாண்டலாகாது என்னும் முதியோரின் அச்சமும் முழுவதும் சரியன்று, ‘ஏறினால் என்ன?’ என்ற என் அன்றைய அலட்சியமும் சரியன்று. சூல்கொண்ட ஒரு பெண்ணுக்கு நல்ல காற்றும், மலரும், உடன் நடக்க ஒருவரும், ஒருநாள் ஓய்வும் வேண்டும். எங்கள் தோட்டங்களில் நிறைமாதம் நெருங்கும்வரை கூடை சுமந்து மலையேறும் பெண்ணுக்கு அவ்வோய்வு எல்லாரினும் மிகுதியாக வேண்டும். அவளை ஊர் பார்க்க அழைத்துச் செல்வோர், அவளுக்காக முன்கூட்டியே அறிந்து வைத்திருத்தலும் வேண்டும். அன்று என்னைக் காட்டிக் கொடாத அத்தாய்க்கு யான் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியை இக்கட்டுரையால் தீர்த்தேனாயின் மகிழ்வேன்.

அடுத்த சித்திரையில் மலையேறி வரும் கல்லூரி அன்பர்கள் உடப்புசல்லாவைப் பக்கமும் எட்டிப் பார்ப்பார்களாக. தேநீரோடு காத்திருப்பேன், இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியவர்க்கு ஒருமணி நேரங் கழித்தே தருவேன்.